ரோம் வீரன் வாளை வலது இடுப்பில் மாட்டியது ஏன்? நகல் வாள் வாங்கும் முன் இதைப் பாருங்கள்!

(காட்சி: கறுப்புத் துணியின் மேல் ஒரு குட்டை வாள். கேமரா மெல்லக் கைப்பிடியை நெருங்குகிறது.)

வலது கைப் பழக்கம் உள்ள ஒருவர் வாளை எந்தப் பக்கம் மாட்டுவார்? இடது பக்கம். எந்த ராஜா படத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். வலது கை வயிற்றுக்குக் குறுக்கே போய், வாளைச் சரேலென்று உருவும்.

ஆனால் ரோமின் காலாட்படை வீரன் தன் வாளை வலது இடுப்பில் தொங்கவிட்டிருந்தான். உருவ வேண்டியதும் வலது கைதான்! இது எப்படி நடக்கும்? ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். வீட்டில் ஓர் அடி ஸ்கேல் இருந்தால் எடுத்து, பேன்ட்டின் வலது பக்க பெல்ட்டில் செருகிக்கொள்ளுங்கள். விடை வரும், அதுவரை அது அங்கேயே இருக்கட்டும்.

வணக்கம் மக்களே! இன்று ரோமானிய வாளும் அதன் நகல்களும். வரலாற்றுப் பொருள் சேகரிப்பவர்கள் இவற்றை வாங்குகிறார்கள். அப்புறம் ரீனாக்டர்கள், அதாவது அந்தக் காலத்து வீரர்களைப்போலவே உடுத்தி, நடந்து, அணிவகுத்துக் காட்டுபவர்கள், வாங்குகிறார்கள். இங்கிலாந்தில் எர்மின் ஸ்ட்ரீட் கார்ட் என்ற குழு 1972 முதல் இதைச் செய்து வருகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வாளின் பெயர் கிளாடியஸ். லத்தீனில் வாள் என்றே பொருள். கிளாடியேட்டர் என்ற சொல் இதிலிருந்து வந்தது. ஸ்பெயின் பக்கத்து மக்களிடமிருந்து ரோமானியர்கள் எடுத்துக்கொண்ட வடிவம் என்பதால், முதல் வகைக்கு ஹிஸ்பானியென்சிஸ் என்று பெயர். அலகு, அதாவது பிடிக்கு முன்னால் உள்ள இரும்புத் தகடு, 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அடுத்தது, ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தின் பெயர் பெற்ற மைன்ஸ் வகை: இடுப்பு ஒடுங்கிய அலகு, நீண்ட கூர்முனை. கடைசியில், இத்தாலியின் பொம்பெய் நகரத்தின் பெயர் பெற்ற பொம்பெய் வகை: இரு விளிம்பும் நேர்கோடு, குட்டை முனை, அலகு அரை மீட்டருக்குள். அவ்வளவுதான் வரலாறு. இனி ஸ்கேலுக்கு வருவோம்.

(காட்சி: தொகுப்பாளர் எழுந்து நிற்கிறார். இடது கையில் அட்டையில் செய்த பெரிய செவ்வகக் கேடயம்.)

உங்கள் இடது கையில் ஒரு கதவுப் பலகை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ரோம் வீரனின் ஸ்கூட்டம் என்ற கேடயம் ஏறக்குறைய அப்படித்தான்: தோளிலிருந்து முழங்கால்வரை மறைக்கும், வளைந்த பலகை. வலமும் இடமும் தோளுரசும் தூரத்தில் தோழர்கள். எதிரி பத்தடியில். இப்போது வாள் இடது இடுப்பில் இருந்தால் என்ன ஆகும்? வலது கை குறுக்கே போகவேண்டும், முன்கை கேடயத்தின் உள்பக்கம் இடிக்கும். உருவியதும் முழங்கை வெளியே வீசும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஆபத்து, அந்த நொடியில் உங்கள் மார்பும் திறந்து கிடக்கும்.

சரி, வலது பக்கம். எல்லோரும் செய்யும் தவறு, கட்டைவிரல் மேலே இருக்கும்படி ஸ்கேலைப் பிடித்து இழுப்பது. முழங்கை மடங்கி பின்னால் முட்டும், ஸ்கேல் பாதியில் நின்றுவிடும். இப்போது மணிக்கட்டைத் திருப்புங்கள். உள்ளங்கை வெளிப்பக்கம், கட்டைவிரல் கீழே. அப்படியே பிடித்துக் கையை முன்னும் மேலுமாகத் தள்ளுங்கள். முனை உறையைவிட்டு வந்ததும் மணிக்கட்டு தானாகத் திரும்பும், கூர்முனை எதிரியைப் பார்த்து நிற்கும்! முழங்கை உடம்பைவிட்டு விலகவே இல்லை, கவனித்தீர்களா? கேடயம் அசையவில்லை. உறையை இடது கையால் பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

நான் இதை முதல் தடவை சரியாகச் செய்தபோது தனியாக நின்று கைதட்டினேன். ஏனென்றால் அந்த நொடியில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. வாள் ஏன் குட்டை? வலது பக்கமிருந்து அரை மீட்டர் அலகைத்தான் இப்படிச் சுலபமாக உருவ முடியும். பிடி ஏன் எலும்பில் செய்து, நான்கு விரலுக்கு நான்கு பள்ளம் வெட்டப்பட்டது? தலைகீழாகப் பிடித்து, வியர்வையோடு திருப்பும்போது வழுக்கக்கூடாது. பிடியின் கடைசியில் ஏன் அந்த உருண்டைக் குமிழ்? கை பின்னுக்கு நழுவாமல் தடுக்கிறது, முன்பாரத்தையும் சமன் செய்கிறது. கைப்பிடியில் காணும் எதுவும் அழகுக்காக மட்டும் வைத்ததில்லை. பிற்காலத்தில் ஸ்பாத்தா என்ற நீள வாள் காலாட்படைக்கு வந்தபோது, அது இடது பக்கத்துக்கு மாறிவிட்டது. நீளம் கூடியதும் பக்கம் மாறுகிறது! (செஞ்சூரியன் என்ற அதிகாரிகள் மட்டும் குட்டை வாளையே இடது பக்கம் மாட்டினார்கள். பார்த்ததும் பதவி தெரியும்.)

செய்து பார்த்தவர்கள் கமென்டில் சொல்லுங்கள், எத்தனையாவது தடவையில் வந்தது என்று.

இது குத்துவதற்கான வாள், வெட்டாது என்று பலர் சொல்வார்கள். வெகெட்டியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர், இரண்டு அங்குலம் இறங்கிய குத்தே உயிரை எடுத்துவிடும் என்று எழுதியது உண்மைதான். ஆனால் லிவி என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் எழுதியதைப் பாருங்கள். கி.மு. 200 வாக்கில் மாசிடோனிய வீரர்கள், இந்த வாளால் கையும் தலையும் துண்டான உடல்களைப் பார்த்து நடுங்கிப்போனார்கள் என்கிறார். இரண்டும் செய்யும் வாள் இது.

இப்போது நகல் வாள். நான் இணையத்தில் வாங்கிய முதல் கிளாடியஸ் பளபளவென்று இருந்தது. தராசில் வைத்தால் 1 கிலோ 400 கிராம். அசல் மைன்ஸ் வாளின் எடை சுமார் 800 கிராம். அதாவது அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றரை! பொம்பெய் வகை அதைவிடக் குறைவு. என் கையிலிருந்ததோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூன்றாம் நாள் கைப்பிடி ஆட ஆரம்பித்தது. கழற்றினேன்.

(காட்சி: கழற்றிய வாள். பிடிக்குள் பென்சில் கனத்தில் ஒரு கம்பி, அலகோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பற்றுவைத்த இடத்தில் முடி அளவு விரிசல்.)

இந்த விரிசலைப் பாருங்கள். ஓங்கி வீசியிருந்தால் அலகு பறந்து யார் மேல் விழுந்திருக்கும்? பிடிக்குள் நுழையும் பகுதியை டாங் என்பார்கள். அலகும் டாங்கும் ஒரே இரும்பிலிருந்து வரவேண்டும். அது குமிழைத் துளைத்து வெளியே வந்து, நுனியில் ஆணித்தலைபோல் அடித்துப் பரப்பப்பட்டிருக்க வேண்டும். வாங்கும் முன் விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது எடையும் டாங்கும்தான். படத்தின் பளபளப்பை நம்பாதீர்கள்.

அடுத்து எஃகு. ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருந்தால் சுவரில் மாட்டலாம், வீசவேண்டாம். இத்தனை நீளத்துக்கு அது உடையக்கூடியது. 1065, 1075 என்று எண் போட்டிருந்தால் அது கார்பன் எஃகு. கடைசி இரண்டு இலக்கம் கார்பனின் அளவு: 1075 என்றால் சுமார் 0.75 சதவீதம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அன்றைய உலையில் இரும்பு உருகி ஓடாது. பஞ்சுபோல ஓட்டைகள் நிறைந்த கட்டியாகத்தான் வரும். அதைத் திரும்பத் திரும்ப அடித்துக் கசடை வெளியேற்றுவார்கள். அதனால் ஒரே வாளில்கூட ஓரிடம் கடினம், ஓரிடம் மென்மை. நல்ல நகல் வாளின் எஃகு, ரோம் வீரன் கையிலிருந்ததைவிடச் சீரானது.

ரீனாக்டர்களுக்குக் கூர் தேவையில்லை. விளிம்பு மழுங்கலாகவும் முனை உருண்டையாகவும் இருக்கும்.

சரி, இந்த வாள்களெல்லாம் எங்கே தயாராகின்றன? இத்தாலியிலா? பலவும் நம் நாட்டில்! டேராடூனில் விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் 1943இல் கூர்க்கா வீரர்களுக்குக் குக்ரி என்ற வளைந்த கத்தி செய்யத் தொடங்கிய நிறுவனம். மீரட்டில் டீப்பீக்கா, ரோமானியத் தலைக்கவசத்துக்கும் பெயர் பெற்றது. ஐரோப்பிய மைதானத்தில் ரோமானியனாக நிற்பவர் கையிலுள்ள வாளை உத்தரப் பிரதேசத்திலோ உத்தராகண்டிலோ ஒருவர் தீட்டியிருக்கலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் படங்களை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

நகல் செய்பவர்களுக்குப் பெரிய சிக்கல், இரும்பு தப்பினாலும் மரமும் தோலும் மக்கிவிடும். அதனால்தான் 2023இல் வந்த செய்தி அவர்களுக்குத் தீபாவளி. சாக்கடல் அருகே ஐன் கெடி பக்கத்துக் குகை ஒன்றில், பாறை இடுக்கில் நான்கு ரோமானிய வாள்கள். மூன்று, மர உறைக்குள்ளேயே இருந்தன. அந்த வறண்ட காற்று, மரத்தையும் தோலையும் கிட்டத்தட்ட 1,900 ஆண்டு காத்திருக்கிறது! அலங்காரம் வேண்டுமென்றால், 1848இல் மைன்ஸில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் மியூசியத்திலிருக்கும், ரோமானியப் பேரரசர் பெயர் கொண்ட 'திபேரியஸ் வாள்' இருக்கிறது. அதன் உறைத் தகட்டின் நகலைத்தான் பல கடைகளில் பார்ப்பீர்கள்.

வாங்கியவர்களுக்கு ஒரே வேண்டுகோள். வாளைத் தோல் உறைக்குள் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரக் காற்றில் சீக்கிரமே துரு பொட்டுப் பொட்டாய் எழும். தொட்ட கைரேகையைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் மெல்லியதாகத் தடவி, வெளியே வையுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வாளுக்கும் பொருந்தும் என்பதால், கூர் தீட்டிய வாளை வாங்கும் முன் காவல் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலைக் காத்து நிற்பவர்கள் யார் தெரியுமா? 'அடல்வாள் யவனர்'. கொல்லும் வாளேந்திய யவனர். கிரேக்கரையும் ரோமானியரையும் நம் முன்னோர் அழைத்த பெயர் அது. கோவலன் அவர்களைக் கடந்துதான் நகருக்குள் நுழைகிறான்.

அந்தக் காவலர் வாளை எந்த இடுப்பில் மாட்டியிருப்பார்? உங்கள் ஊகத்தைக் கமென்டில் எழுதுங்கள். பெல்ட்டிலிருந்து ஸ்கேலை எடுத்துவிடுங்கள், உட்காரும்போது குத்தும்.