ஒட்சிசன் போட்டதும் வரும் நித்திரை

வணக்கம் நேயர்களே.

வோட்டில் நாங்கள் அடிக்கடி காண்பது இது. நல்ல உடம்பான ஓர் அம்மாவை இழைப்போடு கொண்டுவருவார்கள். கால் வீங்கி, உதடு நீலம் பாய்ந்திருக்கும். ஒட்சிசன் போட்டதும், இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும் விரல் கருவி 98 காட்டும். "இப்பதான் அம்மா கண்ணயர்ந்தவ, எழுப்பாதேங்கோ டொக்டர்" என்பார் மகள். எங்களுக்குப் பயமே அந்த நித்திரைதான்.

உடற்பருமன் மிஞ்சினால் நெஞ்சுக்கூடு விரிய இடமில்லை. இரவில் குறட்டையோடு மூச்சும் அடைபடும். வெளியேற வேண்டிய காபனீரொட்சைட்டு இரத்தத்தில் தேங்கும். மூளையும் அதற்குப் பழகிப்போகும். பருமனால் மூச்சுக் குறையும் இந்த வருத்தத்தை ஆங்கிலத்தில் 'ஒபீசிற்றி ஹைப்போவென்ரிலேஷன்' என்போம். அந்த நிலையில் ஒட்சிசனை அள்ளிக் கொடுத்தால் தேக்கம் இன்னும் கூடி, ஆள் மயங்கிப்போவார். அதனால்தான் நாங்கள் 88க்கும் 92க்கும் இடையில் நிறுத்திவைக்கிறோம். அளவு குறைவென்று பதறி, குமிழைத் திருகிவிடும் சொந்தக்காரர்களும் உண்டு. பாசம்தான், ஆனால் வேண்டாம்.

இவர்களுக்குத் தேவை காற்றை அழுத்தித் தள்ளும் பைபாப் கருவி. அதை நேரத்துக்குப் போட்டால் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். புகைத்து நுரையீரல் கெட்டவர்களைவிட இவர்கள் பின்னாளில் நன்றாக இருந்ததாக 2012இல் ஸ்பெயின் ஆய்வொன்று காட்டியது.

எனக்கு ஆதங்கம் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான். கிளினிக் கொப்பியில் வருடக்கணக்காகத் 'தொய்வு' என்றே இருக்கும். கையில் ஒரு பம்ப். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்த வருத்தத்தோடு வீடு திரும்பியவர்களில் 23 வீதமானோர் 18 மாதத்துக்குள் இறந்தார்கள். அதேபோல் பருமனாக இருந்தும் இந்த வருத்தம் இல்லாதவர்களில் 9 வீதம்தான். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல், சந்தேகம் இருந்தாலே பைபாப் போன்ற மூச்சுக் கருவியோடு அனுப்பு, 3 மாதத்துக்குள் நித்திரைப் பரிசோதனை செய் என்கிறது. இங்கே கருவியின் விலையும் கரண்டும் ஒரு கவலைதான், மறுக்கவில்லை.

மெலிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். உடல் எடையில் கால்வாசி, அதற்கு மேலும் குறைய வேண்டும். அதுவரை மூச்சு காத்திருக்காது.

வீட்டில் உரத்துக் குறட்டை விட்டு, காலையில் தலையிடியோடு எழும்பி, கோயில் பிரசங்கத்தில் சாய்ந்து விழும் பருமனானவர் இருந்தால் நெஞ்சு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காபனீரொட்சைட்டு நாட்பட்டுத் தேங்கினால் இரத்தத்தில் கூடும் பைகாபனேற்று என்ற உப்பு, லீற்றருக்கு 27 மில்லிமோலைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். தாண்டினால் அடுத்த பரிசோதனை. இரவில் நித்திரை குழம்புகிறதென்று பார்மசியில் நித்திரைக் குளிசை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இருக்கிற மூச்சையும் அது குறைத்துவிடும்.

நன்றி, வணக்கம்.