ஈஇஇ படித்துக்கொண்டே பொது நிர்வாகம் மைனர்: எடுக்கலாமா, வேண்டாமா?

எல்லாருக்கும் வணக்கம். ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் ஒரு இரைச்சல் கேட்கும், அது கீழே ஓடுகிற தண்ணீர் மோட்டார். ரூமில் ரெக்கார்ட் பண்ணலாம் என்றால் ரூம்மேட்டுக்கு நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. அவளைத் தொந்தரவு செய்தால் கொன்றுவிடுவாள். அதனால் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று இரவு மெஸ்ஸில் ஒரு செகண்ட் இயர் தங்கச்சி தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அக்கா, நீங்கள் பப்ளிக் அட்மின் மைனர் எடுத்தீர்களாமே? நானும் எடுக்கலாமா? அதில் ஸ்கோப் இருக்கா?" என்றாள். வாயில் சப்பாத்தி. "நல்லா இருக்கும், எடு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஆறு பேப்பர், ஒன்றரை வருடம். அதை மூன்று வார்த்தையில் முடித்துவிட்டேனே என்று இருந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் விதிமுறை. நான் 2022-ல் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் ஈஇஇ, அதாவது மின், மின்னணுப் பொறியியல் சேர்ந்தேன். எங்கள் பேட்ச்சுக்கு 2021 ரெகுலேஷன். அதன்படி மைனர் என்றால் கூடுதலாக 18 கிரெடிட். மூன்று கிரெடிட் வீதம் ஆறு பேப்பர், அதுவும் வழக்கமான பேப்பர்களுக்கு மேலே. ஐந்தாவது செமஸ்டரிலிருந்து எடுக்கலாம். சிஜிபிஏ 7.5-க்குக் குறையக் கூடாது. சொந்தத் துறையிலேயே கூடுதலாகப் படித்தால் ஆனர்ஸ், வெளியே போய்ப் படித்தால் மைனர். உங்கள் பேட்ச்சுக்கு வேறு ரெகுலேஷனாக இருந்தால் அந்த பிடிஎஃப்பைத் திறந்து நீங்களே படியுங்கள். சீனியர் சொன்னார் என்று நம்பாதீர்கள், நான் சொன்னேன் என்றும் நம்பாதீர்கள்.

வேறு இன்ஜினியரிங் துறையில் மைனர் எடுக்கலாம். அது போக, எல்லாத் துறைக்கும் பொதுவாக ஐந்து வெர்ட்டிகல், அதாவது ஒரே தலைப்பில் தொகுத்த பாடவரிசை, உண்டு: ஃபின்டெக், தொழில்முனைவு, பொது நிர்வாகம், பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸ், சுற்றுச்சூழல். சமூக அறிவியல் என்று வாய் நிறையச் சொல்ல இதில் இருப்பது பொது நிர்வாகம் ஒன்றுதான். ஐஐடி மாதிரி தனியாக மானுடவியல், சமூக அறிவியல் துறையே இருக்கிற இடங்களில் படிப்பவர்களுக்குக் கடை பெரியது. நமக்கு ஒரு தட்டுதான்.

நான் ஏன் எடுத்தேன்? உண்மையைச் சொன்னால் முதல் காரணம் கேவலமானது. பக்கத்து ரூமில் நான்கு பேர் டேட்டா அனலிட்டிக்ஸுக்குப் பெயர் கொடுத்தார்கள். எனக்கு அவர்களோடு போக விருப்பமில்லை, அவ்வளவுதான். அப்பாவிடம் ஃபோனில் சொன்னபோது, "கரண்ட் படிக்கப் போனவளுக்கு கவர்மென்ட் பாடம் எதுக்கும்மா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. "யூபிஎஸ்சி எழுதுவேன்ப்பா" என்று சும்மா ஒரு பொய் சொன்னேன். அந்த வார்த்தை நம் வீடுகளில் எல்லாக் கதவையும் திறக்கும்.

அந்தப் பொய்யை இங்கேயே முடித்துவிடுகிறேன். பாதிப் பேர் இந்த மைனரை எடுப்பதே அதற்காகத்தான். யூபிஎஸ்சி மெயின்ஸில் பொது நிர்வாகம் ஒரு ஆப்ஷனல் பாடம்தான், மறுக்கவில்லை. இரண்டு தாள், தாளுக்கு 250, ஆக 500 மதிப்பெண். ஆனால் நம் ஆறு பேப்பர் அந்தக் கடலில் கால் நனைக்கிற அளவுதான். அரசியலமைப்பு பேப்பர் மட்டும் எந்தப் போட்டித் தேர்வுக்கும் கை கொடுக்கும். மற்றபடி, யூபிஎஸ்சி மட்டுமே காரணம் என்றால் அந்த நேரத்தில் நேராக அதற்கே படிக்கலாம்.

சரி, வகுப்புக்கு வருவோம். எங்கள் கல்லூரியில் எத்தனை பேர் சேருவார்கள் என்று தெரியாமல் முதல் மூன்று வாரம் ஆசிரியரே இல்லை. கடைசியில் 14 பேர் தேறினோம். எம்பிஏ துறையிலிருந்து ஒரு சாரை அனுப்பினார்கள். வகுப்பு சனிக்கிழமை, ஊருக்கு பஸ் பிடிக்கிற நேரத்தில். முதல் மாதத்தில் மூன்று பேர் விலகினார்கள். நானும் போயிருப்பேன், விலகல் கடிதத்தில் எச்ஓடி கையெழுத்து வாங்கச் சோம்பல்.

முதல் இன்டர்னல். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொன்ன அதிகாரத்துவத்தின் இயல்புகளை விளக்கி, இன்றைக்கு அது பொருந்துமா என்று ஆராய்க. 13 மார்க். நமக்குத்தான் பழக்கம் இருக்கிறதே. ஆறு பாயின்ட், ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு, நடுவில் பெட்டி போட்டு ஒரு ஃப்ளோசார்ட். இரண்டரைப் பக்கம் எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். பேப்பர் வந்தது. 13-க்கு 5. ஓரத்தில் சிவப்பு மையில் சார் ஒரு வரி எழுதியிருந்தார்: "பொருந்துமா என்று கேட்டேன். நீ என்ன நினைக்கிறாய்?"

இரண்டு வருட இன்ஜினியரிங்கில் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. கிர்ச்சாஃப் விதியைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று யாருக்கு வேண்டும்? கோபம்தான் வந்தது. சாரிடம் போய் நின்றேன். அவர் மார்க் ஏற்றவில்லை. "உன் ஊரில் ஏதாவது ஆபீஸுக்குப் போயிருக்கிறாயா? அங்கே என்ன பார்த்தாய், அதிலிருந்து எழுது" என்றார்.

என் ஊர் துறையூர் பக்கம் ஒரு கிராமம். ஊர் தண்ணீர் டேங்க் மோட்டார் வருடத்துக்கு இரண்டு முறையாவது புகைந்துபோகும். உள்ளே இருக்கிற காயிலை, அதாவது கம்பிச் சுருளை, புதிதாகக் கட்டிக் கொண்டுவர ஒரு வாரம், பத்து நாள். அதுவரை குடத்தைத் தூக்கிக்கொண்டு வயல் கிணறுகளுக்கு அலைய வேண்டும். 2024 அக்டோபர் 2 கிராம சபைக்கு, அதற்கு முன் ஒருநாளும் போகாத நான், அத்தையோடு போனேன். வரவு செலவு வாசித்தார்கள். மோட்டார் பழுது என்று ஒரு தொகை வந்ததும் எழுந்து நின்றேன். மோட்டாருக்கு மூன்று லைனில் கரண்ட் வரும், அதுதான் த்ரீ ஃபேஸ். அதில் ஒரு ஃபேஸ் போனாலும் மோட்டார் நிற்காமல் ஓடும். மீதி இரண்டிலும் கரண்ட் அதிகமாக இழுத்து காயில் சூடாகிக் கருகிவிடும். சிங்கிள் ஃபேசிங் ப்ரிவென்டர் என்று ஒரு ரிலே இருக்கிறது, அதை மாட்டினால் ஃபேஸ் போனதும் தானே ஆஃப் ஆகிவிடும் என்று லெக்சர் கொடுத்தேன். எல்லாரும் கேட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் டேங்க் ஆபரேட்டர் மாமா வந்தார். "வா பாப்பா" என்று மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய் பேனல் பெட்டியைத் திறந்தார். உள்ளே பல்லி ஒன்று ஓடியது. நான் சொன்ன அதே ரிலே, தூசி படிந்து அங்கே இருந்தது. அதற்குப் போக வேண்டிய ஒயரைக் கழற்றி, டேப் சுற்றி, நேராக இணைத்திருந்தார்கள்.

"நான்தான் கழட்டினேன்" என்றார். ஃபேஸ் வந்து வந்து போகும். ஒவ்வொரு தடவையும் ட்ரிப் ஆகும். ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து திரும்பப் போட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூட. காலையில் டேங்க் நிரம்பவில்லை என்றால் திட்டு அவருக்கு. மோட்டார் கருகினால் அவரை யாரும் திட்டமாட்டார்கள், அது பஞ்சாயத்துச் செலவு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கழற்றியிருப்பேன்.

அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸில் கல்லூரிக்குத் திரும்பும்போதுதான் அந்த 13 மார்க் கேள்வி எனக்கு உறைத்தது. வெபர் சொல்கிற விதி, படிநிலை, பொறுப்புப் பிரிவு எல்லாம் அந்த மோட்டார் ரூமில் இருந்தன. டேங்க் நிரம்புவது ஒருவர் பொறுப்பு. மோட்டார் கருகாமல் பார்ப்பது யார் பொறுப்பும் இல்லை. காயில் எரிந்தது ஃபேஸ் போனதால் மட்டும் இல்லை.

அடுத்த செமஸ்டரில் ஹெர்பர்ட் சைமன் வந்தார். 1975-ல் கம்ப்யூட்டர் துறையின் பெரிய விருதான டூரிங் விருது, 1978-ல் பொருளாதார நோபல், இரண்டையும் வாங்கிய மனிதர். கம்ப்யூட்டர்காரர்களும் அவரை எங்கள் ஆள் என்பார்கள், நிர்வாகவியல்காரர்களும் எங்கள் ஆள் என்பார்கள். அவருடைய ஆரம்பம் எது தெரியுமா? 1935-ல், சிகாகோவில் இளநிலை மாணவராக இருந்தபோது, பக்கத்து மாநிலத்து மில்வாக்கி நகரத்தின் விளையாட்டு மைதானங்களைப் பார்க்கப் போனார். மைதானத்தைப் பராமரிப்பது ஒரு துறை, அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்துவது பள்ளி வாரியம். பணத்தை எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதில் இரண்டு பேருக்கும் ஓயாத தகராறு. புல்லையும் மரத்தையும் பார்க்கிறவருக்கு அதுதான் மைதானம், பிள்ளைகளைப் பார்க்கிறவருக்கு விளையாட்டுதான் மைதானம். ஒரு ரூபாய் கூடுதலாக இங்கே போட்டால் என்ன பலன், அங்கே போட்டால் என்ன பலன் என்று பொருளாதாரப் புத்தகம் சொல்கிற மாதிரி அங்கே யாரும் கணக்குப் போடவே இல்லை. அவரவர் நாற்காலியிலிருந்து எது தெரிகிறதோ அதை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள். மனிதர்கள் ஆகச் சிறந்ததைத் தேடுவதில்லை, போதும் என்று தோன்றுவதோடு நின்றுவிடுகிறார்கள் என்று அவர் பின்னால் சொன்னதற்கு விதை அங்கேதான் விழுந்தது.

ஆபரேட்டர் மாமா ஒயரைக் கழற்றியதும் அதேதானே. இதைப் படித்துவிட்டு ரூம்மேட்டை எழுப்பிச் சொன்னேன். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அரசியலமைப்பு பேப்பரில் இன்னொரு குட்டி ஆச்சரியம். 1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம். அதோடு சேர்ந்த பதினொன்றாவது அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 29 விஷயங்கள் இருக்கின்றன. குடிநீர் 11-ஆவது, மின் விநியோகம் உள்ளிட்ட கிராம மின்மயம் 14-ஆவது. எங்கள் ஊர் மோட்டார் 11-க்கும் 14-க்கும் நடுவில் நின்றுகொண்டு கருகுகிறது. பட்டியலை மனப்பாடம் செய்ய எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

எல்லாப் பேப்பரும் இப்படி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பணியாளர் நிர்வாகம் என்று ஒன்று. பணிநியமனம், பதவி உயர்வு, பயிற்சி, ஓய்வு. முக்கால்வாசி நேரம் தூங்கினேன். நிர்வாகக் கோட்பாடுகள் பேப்பரில் டெய்லர், ஃபேயோல் என்று பெயர் பெயராக வந்து எல்லாரும் ஒரே ஆள் மாதிரித் தெரிந்தார்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பரீட்சையும் மைனர் பரீட்சையும் அடுத்தடுத்த நாள் விழுந்த ஒரு செமஸ்டரில் இதைத் தொட்டதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். சனிக்கிழமைகள் போயின. மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து போகவில்லை. அத்தை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

ப்ளேஸ்மென்ட்? சம்பளம் ஒரு ரூபாய் கூடவில்லை. ஆனால் எங்கள் துறை வேலையே தருகிற கோர் கம்பெனி இன்டர்வியூ ஒன்றில் ரெஸ்யூமேவைப் புரட்டியவர், "இது என்ன, பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்?" என்று நிறுத்தினார். பேனல் பெட்டி, பல்லி, டேப் சுற்றிய ஒயர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தங்கள் சைட்டில், ஆபத்தான நேரத்தில் மெஷினை ஓடவிடாமல் தடுக்கிற சேஃப்டி இன்டர்லாக்கை ஆட்கள் கட்டையை வைத்து அமுக்கிவிடுகிற கதையைச் சொன்னார். பத்து நிமிடம் அதுதான் பேசினோம். வேலை கிடைத்தது, மெஷின்ஸ் கேள்விகளுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, உனக்கு நான் சொல்வது இதுதான். ஸ்கோப் இருக்கா என்று கேட்காதே. உனக்கு ஏற்கெனவே எதன் மேல் கோபம் இருக்கிறது என்று பார். ரேஷன் கடை வரிசையோ, தெருவில் திரும்பத் திரும்பத் தோண்டுகிற பள்ளமோ, பட்டா மாற்ற அலைந்த அப்பாவோ, ஏதோ ஒன்று வாயில் முணுமுணுப்பாக இருக்கும். இருந்தால் இந்த மைனர் உனக்குத் தீனி போடும். உன் கோபம் விலைவாசி மேலே, கடன் மேலே என்றால் உனக்குப் பொருளாதாரம்தான் சரி, அதை இந்தப் பட்டியலில் தேடாதே, மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு கோர்ஸ் போட்டுப் பார். எந்தக் கோபமும் இல்லை என்றால் ஆனர்ஸ் எடுத்துக்கொள். அது குறைச்சல் இல்லை, உன் சனிக்கிழமை அங்கே நன்றாகச் செலவாகும்.

பெயர் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய். பழைய கேள்வித்தாள் ஒன்றை எடு. பார்ட் பி-யில் ஐந்து 13 மார்க் கேள்வி இருக்கும். படிக்காமலே ஒரு கேள்விக்காவது உனக்குச் சொல்ல ஏதாவது தோன்றுகிறதா பார். சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை. அப்புறம், யார் பாடம் நடத்தப் போகிறார்கள் என்று அலுவலகத்தில் கேள். எனக்கு அந்த சார் வாய்க்கவில்லை என்றால் ஆறு பேப்பரும் ஆறு ஃப்ளோசார்ட்டாகத்தான் முடிந்திருக்கும்.

ஊர் மோட்டார் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இந்தப் பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். ரிலேவைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ட்ரிப் ஆனால் ஃபோனுக்கு மிஸ்டு கால் வருகிற மாதிரி, ஃபோனிலிருந்தே ஆன் பண்ணுகிற மாதிரி ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. விவசாயிகள் தோட்டத்தில் வைத்திருப்பார்களே, அதுதான். மாமா ராத்திரி சைக்கிள் எடுப்பதில்லை. ஆனால் ரீசார்ஜ் காசு யார் தருவது என்று இப்போது ஒரு தகராறு ஓடுகிறது.

ஐயோ, கேட்கிறதா? பின்னால் டேங்க் நிரம்பி வழிகிறது. இந்த ஹாஸ்டலில் மோட்டாரை நிறுத்துவது யார் வேலை என்று நான்கு வருடமாக எனக்குத் தெரியாது. இருங்கள், நானே போய் ஆஃப் பண்ணிவிட்டு வருகிறேன்.