எமிலியா வாய் திறந்தபோது

நேயர்களுக்கு வணக்கம். பொறாமை, வஞ்சகம், துரோகம் மூன்றும் ஒன்றாக வந்து ஒரு குடும்பத்தை அழிக்கிற நாடகம் எது என்று கேட்டால், நாடகம் படித்தவர்கள் பெரும்பாலும் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவைத்தான் சொல்வார்கள். 1604 நவம்பர் 1ஆம் தேதி லண்டன் வைட்ஹால் அரண்மனையில் அதை நடித்ததாகப் பதிவு இருக்கிறது. நான் பேச வந்தது அதன் கடைசிக் காட்சியைப் பற்றி. அதிலும் குறிப்பாக ஒரு பெண்ணைப் பற்றி.

முதலில் கதை. ஒத்தெல்லோ வெனிஸ் நகரத்துப் படைத்தலைவன், கறுப்பினத்தவன். டெஸ்டிமோனா அங்கே ஒரு பெரிய மனிதரின் மகள். அப்பாவுக்குத் தெரியாமல் அவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தனக்கு வரவேண்டிய பதவி காசியோ என்ற இன்னொரு அதிகாரிக்குப் போய்விட்டதே என்று புகைந்துகொண்டிருக்கும் இயாகோ என்ற படைவீரன், ஒத்தெல்லோவிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஓதுகிறான். உங்கள் மனைவிக்கும் காசியோவுக்கும் ஏதோ இருக்கிறது என்கிறான். அதற்கு அத்தாட்சியாக வருவது ஒரு கைக்குட்டை. கடைசியில், சைப்ரஸ் தீவில், படுக்கையிலேயே மனைவியை மூச்சுத்திணற வைத்துக் கொல்கிறான் ஒத்தெல்லோ.

எல்லோரும் இயாகோவைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கோ அவன் பெண்டாட்டி எமிலியாதான் முக்கியம். டெஸ்டிமோனாவுக்குத் துணையாக இருப்பவள் அவள்.

அந்தக் கைக்குட்டை ஒத்தெல்லோ மனைவிக்குக் கொடுத்த முதல் பரிசு. ஸ்ட்ராபெரிப் பழம் போட்ட தையல்வேலை அதில் இருக்கும். அது ஒருநாள் கீழே விழுகிறது. எமிலியா எடுக்கிறாள். அதைத் திருடிக் கொடு என்று இயாகோ எத்தனையோ தடவை அவளை நச்சரித்திருக்கிறான். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. கொடுத்துவிடுகிறாள். அவன் அதைக் காசியோவின் அறையில் போட்டுவைக்கிறான். பிறகு டெஸ்டிமோனா, "எங்கே தொலைத்தேன் எமிலியா?" என்று தேடும்போது, "தெரியாதம்மா" என்கிறாள். அடுத்த நிமிஷமே ஒத்தெல்லோ வந்து, "கைக்குட்டை எங்கே, கைக்குட்டை எங்கே" என்று கத்துகிறான். எமிலியா பக்கத்தில் நின்று பார்க்கிறாள். வாய் திறக்கவில்லை.

வீட்டில் ஒரு பொருள் காணாமல் போய், எடுத்தவர் யார் என்று தெரிந்தும், எதற்கு வம்பு என்று சும்மா இருந்த அனுபவம் நமக்கும் இருக்குமே. அந்த அளவு சின்னத் துரோகம்தான் இது. அவள் மேல் எனக்குக் கோபமும் உண்டு, பாசமும் உண்டு.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஷேக்ஸ்பியருக்கு இந்தக் கதை கிடைத்தது சிந்தியோ என்ற இத்தாலியரின் கதைத் தொகுப்பிலிருந்து. 1565இல் வெளிவந்தது அது. அந்தக் கதையில் கைக்குட்டையைத் திருடுவது, இயாகோவின் இடத்தில் வரும் வஞ்சகனே. தன் சின்னக் குழந்தையை டெஸ்டிமோனா கொஞ்சிக்கொண்டிருக்கும்போது இடுப்பிலிருந்து உருவிவிடுகிறான். கொலையும் வேறு மாதிரி. மணல் நிரப்பிய காலுறையால் அவளை அடித்துக் கொன்று, கூரையைச் சரித்து விபத்துபோல் காட்டுகிறார்கள், புருஷனும் வஞ்சகனும் சேர்ந்து! அந்தக் கதையில் வஞ்சகனின் மனைவிக்கு எல்லாம் தெரியும். புருஷனுக்குப் பயந்து பேசாமல் இருக்கிறாள். எல்லாம் முடிந்து, அவனும் செத்த பிறகுதான் ஊருக்குச் சொல்கிறாள்.

ஷேக்ஸ்பியர் இதைத் தலைகீழாகத் திருப்பினார். சிந்தியோவின் பெண் தெரிந்தவள், செய்யாதவள். எமிலியா செய்தவள், தெரியாதவள். பேச வேண்டிய நேரம் வரும்போது இவள் புருஷன் எதிரிலேயே பேசுகிறாள். என்னைக் கேட்டால், அந்த முடிவின் பலம் முழுக்க இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

சரி, கடைசிக் காட்சி. எமிலியா உள்ளே வருகிறாள். டெஸ்டிமோனாவுக்கு ஒரு கணம் உயிர் திரும்புகிறது. யார் செய்தது என்று கேட்டால், "யாருமில்லை, நானேதான்" என்று சொல்லிவிட்டுச் சாகிறாள். கணவனைக் காப்பாற்றச் சொன்ன பொய். அவனோ, "கொன்றது நான்தான், இவள் கெட்டவள், உன் புருஷனைக் கேள், அவனுக்கு எல்லாம் தெரியும்" என்கிறான்.

"என் புருஷனா?" என்கிறாள் எமிலியா. அவன் மேலே பேசுகிறான். மறுபடியும், "என் புருஷனா?" இன்னும் ஒருமுறை, "என் புருஷனா?" ஒத்தெல்லோ எரிச்சலாகி, "எத்தனை தடவை சொல்வது!" என்கிறான். நல்ல நடிகை என்றால் ஒவ்வொரு தடவையும் குரல் மாறும். முதலில் புரியாத கேள்வி, பிறகு சந்தேகம், பிறகு பயம். வானொலியில் கேட்டாலே போதும், மேடையே வேண்டாம்.

கைக்குட்டை என்ற பேச்சு எடுத்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. வாயை மூடு, வீட்டுக்குப் போ என்கிறான் இயாகோ. கத்தியை உருவுகிறான். அவள் நிறுத்தவில்லை: கைக்குட்டையைக் கண்டெடுத்தது நான், இவனிடம் கொடுத்ததும் நான். தன் குற்றத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறாள், அதைக் கவனியுங்கள். அவன் அவளைக் குத்திவிட்டு ஓடுகிறான். என் எஜமானி பக்கத்தில் என்னைக் கிடத்துங்கள் என்று கேட்டுச் சாகிறாள்.

1693இல் தாமஸ் ரைமர் என்ற விமர்சகர், ஒரு கைக்குட்டைக்கா இத்தனை கூத்து என்று கிண்டலடித்தார். மனைவிமார்களே, துணிமணியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இதன் பாடமாம்! மனுஷர் எமிலியாவைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நிலையத்து நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இயாகோவைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். பிடிபட்டதும், இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறான். பேசியே கெடுத்தவன்! ஒத்தெல்லோவும் சுத்தம் இல்லை. அந்தக் கைக்குட்டையை எகிப்திய மந்திரக்காரி என் அம்மாவுக்குக் கொடுத்தாள் என்று மனைவியைப் பயமுறுத்தியவன், கடைசியில் அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது என்கிறான். எது உண்மையோ, நாடகம் சொல்லவில்லை.

அப்புறம், 1622இல் வந்த முதல் பதிப்பில் புருஷன்மார்களைப் பற்றி எமிலியா பேசும் நீண்ட பேச்சு கிடையாது. 1623 பதிப்பில் இருக்கிறது. நான்காம் அங்கத்தின் கடைசிக் காட்சி, நேரம் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். வணக்கம்.