முதலில் திட்டாதீர்கள்

(தாராவியில் தமிழ்ப் பெற்றோர்களும் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் ஒரே ஒரு ஓய்வு நாள். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லித் தர முடியுமா என்று பள்ளியில் கேட்டார்கள். அதோடு விபத்தில் சிக்காமல் இருப்பது, வன்முறை நடந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். "சரி, ஆனால் முதலில் பெற்றோர்களைக் கூப்பிடுங்கள்" என்றேன். மாநகராட்சி மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுவதும் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றுதான் அதற்குக் காரணம். பிள்ளைக்குக் காலையில் அடிபட்டிருக்கும். தூக்கிக்கொண்டு வருவது ராத்திரியில், இல்லையென்றால் மறுநாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், "இவன் வாயே திறக்கலை சிஸ்டர்" என்பார் அம்மா. பிள்ளையைத் தனியாகக் கேட்டால், "சொன்னா அப்பா அடிப்பாரு" என்பான்.

நாய்க்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். தெருநாயைச் சீண்டியிருப்பான், அது காலைக் கவ்வியிருக்கும். சின்னப் பல் தடம், துளி ரத்தம். வீட்டில் சொன்னால் அந்தச் சந்துக்கு ஏன் போனாய் என்று உதை விழும். பேண்ட்டை இழுத்து மூடிக்கொண்டு சும்மா இருந்துவிடுவான். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் கடித்தவுடன் செய்ய வேண்டியதைச் செய்தால் அந்த நோய் வரவே விடாமல் தடுக்கலாம். வெறி பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை வாய் திறந்து சொல்வதில்தான் அவன் உயிரே இருக்கிறது.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதையும் அதில் வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். நகம் பட்ட கீறலுக்கும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதையெல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே வகுப்பில் கற்றுக்கொள்வான். ஆனால் வீட்டுக்கு வந்து சொல்லப் பயப்படுகிற பிள்ளைக்கு இந்தப் பாடம் எதற்கும் உதவாது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை அடிபட்டு வந்தால் முதல் வார்த்தை "எங்க வலிக்குது?" என்று இருக்கட்டும். "நான் அப்பவே சொன்னேன்லா" என்பதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கண்டிக்க வேண்டியது இருந்தால் காயம் ஆறிய பிறகு கண்டியுங்கள். திட்டுவது அக்கறையால்தான், பயத்தால்தான் என்பது எனக்குத் தெரியும். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏன் இதெல்லாம் என்று சிலர் நினைக்கலாம். நம் வீடுகளில் பகல் முழுக்க யார் இருக்கிறார்கள்? அம்மா வேலைக்குப் போயிருப்பார், அப்பா பட்டறையில் இருப்பார். தம்பியைப் பார்த்துக்கொள்வதும், சோறு சூடு பண்ணுவதும், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் ஏழாம் வகுப்புப் பெண்தான். வீட்டில் எது நடந்தாலும் முதலில் அங்கே இருக்கப்போவது அவள். நார்வே நாட்டுப் பள்ளிகளில் 1961 முதலே உயிர் காக்கும் முதலுதவியைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். 12 வயதிலிருந்து வருடத்துக்கு இரண்டு மணி நேரம் நெஞ்சழுத்தப் பயிற்சி, அதாவது மூச்சு நின்று மயங்கியவரின் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற பரிந்துரைக்கு 2015-இல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் தந்தது. வருடத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கேட்கிறார்கள். ஆசிரியர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மெலிந்த பிள்ளைக்கு ஒரு பெரியவரின் நெஞ்சை ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அழுத்தும் பலம் இருக்காது. ஆனால் ஆள் மயங்கிக் கிடக்கிறார், கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்பதை அவள் கண்டுபிடிக்க முடியும். 108-க்குப் போன் போட முடியும். பக்கத்து வீட்டு அண்ணனை இழுத்து வந்து, "நெஞ்சு நடுவுல கையை வச்சு அமுக்குங்கண்ணா, நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை, நிறுத்தாதீங்க" என்று சொல்ல முடியும். அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்த கூட்டங்களின் கதையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

தீக்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில். ஸ்டவ் பல வீடுகளில் தரையில்தான் இருக்கிறது. குழம்புச் சட்டி, கொதிக்கிற சாதக் கஞ்சி, இட்லிப் பானை எல்லாம் தவழும் குழந்தைக்குக் கைக்கெட்டும் உயரத்தில். அப்படிப்பட்ட வீட்டில் குழந்தை மேல் கஞ்சி கொட்டிவிட்டால் உடனே பற்பசை, மை, நெய், முட்டை வெள்ளைக்கரு என்று கையில் கிடைத்ததைப் பூசிவிடுகிறோம். மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது அந்தக் குழந்தை படும் வேதனையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வேண்டியது தண்ணீர் மட்டும்தான். சாதாரணக் குளிர்ச்சியுள்ள சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். ஐஸ் கூடாது, அது தோலை இன்னும் கெடுக்கும். தோலுக்குள் தங்கிய சூடு தீ அணைந்த பிறகும் உள்ளே எரித்துக்கொண்டே போகும். அதை வெளியேற்றத்தான் இவ்வளவு நேரம்.

இந்தப் பாடத்தைப் புத்தகத்திலிருந்து சொல்லித் தரும்போது "குழாயைத் திறந்து அதன் கீழே காட்டு" என்பார்கள். நம் குழாயில் தண்ணீர் வருவது ஒன்றிரண்டு மணி நேரம். அதனால் நம் பிள்ளைகளுக்கு டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றத்தான் கற்றுத்தர வேண்டும். மூடி வைத்த டிரம் தண்ணீர் போதும். வளையல், மோதிரம், கொலுசு இருந்தால் வீங்குவதற்குள் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். துணியில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்துப் புரள வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது, பிள்ளைகள் புரண்டு பார்க்க வேண்டும்.

அடுத்து போன். 112 எல்லா அவசரத்துக்கும், 108 ஆம்புலன்ஸுக்கு, 1098 குழந்தைகளுக்கு. எண்ணைப் பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். எடுத்துப் பேசுகிறவர் மராத்தியிலோ இந்தியிலோ கேட்பார், பதற்றத்தில் நம் பிள்ளைக்குத் தமிழ்தான் வரும். "மாஜா பாவு பேஷுத்த ஆஹே", தம்பி மயங்கிக் கிடக்கிறான் என்ற அந்த ஒரு வரியும், வீட்டு முகவரியும் மூன்று மொழியிலும் நாக்கில் இருக்க வேண்டும். நம் சந்துகளுக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் எந்தக் கடை வாசலில் வண்டி நிற்க வேண்டும், அங்கே போய் நின்று கை காட்டப்போவது யார் என்று இன்றைக்கே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன், வகுப்பில் விரிவாகச் செய்வோம். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் கூடாது. சுற்றியுள்ள பொருளை நகர்த்தி, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108. முளைத்த நிரந்தரப் பல் விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போங்கள். உடம்பில் குத்தி நிற்கும் கம்பியையோ கத்தியையோ பிடுங்கக் கூடாது.

இந்த ஊரில் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது ரயில் கம்பி. தண்டவாளத்துக்கு மேலே போகும் அந்தக் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அதைத் தொடக்கூட வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவிப் பிடித்துவிடும். நின்றுகொண்டிருக்கும் சரக்கு வண்டிதானே என்று போட்டோ எடுக்க மேலே ஏறுவது இந்த வயதுப் பையன்கள்தான். "ஏறாதே" என்றால் ஏறுவார்கள். மின்சாரம் எப்படித் தாவுகிறது என்று அறிவியல் ஆசிரியர் விளக்கினால் ஏறமாட்டார்கள் என்று நம்புகிறேன். ஜனவரியில் காத்தாடி விடும்போது நைலான் மாஞ்சாவும் அப்படித்தான். 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்த பொருள் அது. பைக்கில் போகிறவர் கழுத்தை அறுக்கும்.

சரி, வன்முறைக்கு வருகிறேன். இதைத் தனிப் பாடமாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வருடத்துக்கு ஒருமுறை யாரோ வந்து, நல்ல தொடுதல் கெட்ட தொடுதல் என்று படம் காட்டிவிட்டுப் போகிறார்கள். பிள்ளைக்குப் படம் நினைவிருக்கிறது, யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரிவதில்லை. நாய் கடித்ததையே சொல்லப் பயந்த பிள்ளை, சொந்தக்கார மாமா கை வைத்ததை எப்படிச் சொல்லும்? சின்னக் காயத்தைச் சொல்லிப் பழகிய பிள்ளைதான் பெரிய காயத்தையும் சொல்லும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் மிகப் பெரும்பாலும் கை வைப்பவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருடா வருடம் சொல்கின்றன. அறிமுகம் இல்லாதவனிடம் பேசாதே என்று மட்டும் சொல்லி வளர்ப்பது போதாது. "அம்மாகிட்ட சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள்.

ஆசிரியர்களே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, அப்படிக் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பள்ளியின் பெயர் கெடும் என்று மறைப்பதே குற்றம். குழந்தையின் பெயரோ படமோ வெளியே வராமல் காப்பதையும் அதே சட்டம் சொல்கிறது. பிரம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. காலையில் அடிக்கிற ஆசிரியரிடம் மதியம் ஒரு பிள்ளை வந்து தன் கஷ்டத்தைச் சொல்லாது.

வீட்டுக்குள் நடக்கும் அடிதடியைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனமில்லை. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும்போது குறுக்கே பாய்ந்து அடிவாங்கிய பிள்ளைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரப்போவது இதுதான்: குறுக்கே போகாதே. தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வெளியே வா. நம்பிக்கையான பக்கத்து வீட்டில் போய்ச் சொல். 112-க்குப் போன் போடு. அப்படி ஒரு பிள்ளை உங்கள் கதவைத் தட்டினால், "அது உங்க குடும்ப விஷயம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். இது தான் செய்த தப்புக்கான தண்டனை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். உன் மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள்.

அடிபட்டவருக்கு உதவப் போனால் போலீஸ் கேஸாகிவிடுமோ என்று பயந்து சிலர் கேட்டீர்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் பாயாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவையே சேர்த்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அடிபட்டவரை எடுத்துக்கொண்டு தயங்காமல் போங்கள்.

இப்போது பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிறோம். ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு பெரியவர் தரையில் உட்காருங்கள். பெரியவர் மயங்கியவராகப் படுக்க வேண்டும், பிள்ளை ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். முதல் தடவை சரியாக வராது. திருத்தும்போது குரலை உயர்த்தாதீர்கள். கட்டுத்துணியும் பயிற்சிப் பொம்மைகளும் மேசை மேல் இருக்கின்றன. முன்வரிசையிலிருந்து தொடங்கலாம், வாருங்கள்.