சத்தியம் ஒரு தடவைதான்

வணக்கம் நேயர்களே. சின்ன வயதில் "அம்மா மேல சத்தியமா இனிமே செய்ய மாட்டேன்" என்று சொல்லாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சொல்லிவிட்டு மறுநாளே செய்திருப்போம். அந்த ஒரு வார்த்தையை நம்பி போதைக்கு வைத்தியம் பார்க்கும் இடம் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

தாய்லாந்தில், பாங்காக்குக்கு வடக்கே, சரபுரி மாகாணம். அங்கே ப்ரா புத்தபாத் என்று ஒரு வட்டாரம். காதில் போட்டுப் பாருங்கள், 'புத்த பாதம்' கேட்கிறதா? புத்தர் பாதம் பதிந்ததாக நம்பும் கோயில் உள்ள ஊர். அந்தப் பக்கத்துக் கிராமப்புறத்தில், மலையடியில் இருக்கிறது தம் க்ரபொக் மடம். 'தம்' என்றால் குகை. 1957இல் மே சீ மியன் என்ற பெண் துறவி தன் உறவுக்காரப் பிக்குகளோடு தொடங்கியது. அவர்களில் சம்ரூன் என்பவர் முன்னாள் போலீஸ்காரர். 1959இல் அரசு அபினியைத் தடை செய்தது. கடையைப் பூட்டலாம், பழக்கத்தை எப்படிப் பூட்டுவது? தவித்தவர்கள் மடத்துக்கு வந்தார்கள், இன்றும் வருகிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் உட்பட. 1975இல் சம்ரூனுக்கு, ஆசியாவின் நோபல் என்று சொல்லப்படும் மகசேசே விருதும் கிடைத்தது.

சரி, அங்கே வாளியும் கையுமாக நடக்கும் வைத்தியத்துக்கு வருகிறேன். மாலையில் வரிசையாக மண்டியிட்டு உட்காருகிறார்கள், முன்னால் நீளமாக ஒரு சிமென்ட் வாய்க்கால், ஆளுக்கொரு வாளித் தண்ணீர். பிக்கு ஒருவர் சின்ன கிளாஸில் பழுப்பு நிற மூலிகைக் கஷாயம் ஊற்றிக்கொண்டே போவார், குடித்த கையோடு தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்க வேண்டும், வயிறு தாங்காமல் பீறிட்டுக்கொண்டு வெளியே வரும்வரை. பின்னால் நிற்கும் பழைய ஆட்கள் கை தட்டிப் பாடுவார்கள். நான் போன அன்று முந்தாநாள் வந்த ஒரு பையன் வாந்தி எடுத்து நிமிர்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரின் வாளியை நகர்த்திக் கொடுத்தான். இப்படி ஐந்து நாள். வீட்டில் யாரும் முயற்சி செய்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்தாகலாம். சரி, வாந்தி எடுத்தால் போதை போய்விடுமா? ஊசியில் ஏற்றிய ஹெராயின் ரத்தத்தில் இருக்கும், வயிற்றிலா இருக்கும்?

கேமராக்காரர்கள் எல்லாரும் இந்த வாளியைத்தான் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான், ஏனென்றால் மடத்துக்காரர்களைக் கேட்டால் மருந்து வாளியில் இல்லை, 'சச்சா'வில்தான் இருக்கிறது என்பார்கள். சச்சா வேறொன்றுமில்லை, பாலி மொழி வழியாகப் போன நம் சத்தியமேதான். இனி வாழ்நாள் முழுக்கத் தொட மாட்டேன் என்று முதலில் சத்தியம், அப்புறம்தான் கஷாயம். அங்குள்ள பிக்குகளும் வண்டியில் ஏற மாட்டோம் என்பது போன்ற சத்தியங்களோடு வாழ்பவர்கள். சொல்லை மீறிவிட்டு மறுபடி மடத்துக்குப் போனால்? சிகிச்சை கிடையாது. ஒரு தடவைதான். மறுபடியும் சொல்கிறேன், ஒரே ஒரு தடவைதான். நம் ஊரில் ஐந்தாம் முறை சேர்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களை நினைத்தால் இந்த விதி எனக்கு ரொம்பக் கடுமையாகத்தான் படுகிறது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். லாவோஸ் போருக்குப் பின் தப்பி வந்த ஹ்மாங் என்ற மலைவாழ் மக்களுக்கு இந்த மடம் இடம் கொடுத்தது, மடத்தை ஒட்டி ஒரு பெரிய குடியிருப்பே உருவானது, 2004 முதல் அவர்களில் சுமார் 15,000 பேரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. உண்மையில் அதைத்தான் விரிவாகச் சொல்ல எழுதி வந்தேன், வாளியிலேயே நேரம் போய்விட்டது. வணக்கம்.