கடற்சுழியும் ஒலியின் பாதையும்

நேயர்களுக்கு வணக்கம். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது. நீர் ஒரு பாகை குளிர்ந்தால் அந்த வேகம் 3 அல்லது 4 மீட்டர் குறையும். 100 மீட்டர் ஆழம் கூடினால், அழுத்தத்தால் 1.7 மீட்டர் அளவுக்குக் கூடும். மேலே வெப்பமும் கீழே அழுத்தமும் வேகத்தைக் கூட்டுவதால், இடையே ஓர் ஆழத்தில் அது மிகக் குறைந்துவிடுகிறது. வேகம் குறைந்த பக்கமாக வளைவதே ஒலியின் இயல்பு. ஆகவே ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஆழத்துக்கே திரும்பி, வாய்க்காலில் ஓடும் நீர்போல வெகுதொலைவு போகிறது. 1960-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அப்பால் கடலில் வெடித்த வெடிகளின் ஓசை, அட்லாண்டிக்கில் பெர்முடா அருகே கேட்டது இவ்வழியில்தான்.

இந்த வாய்க்காலைச் சுழிகள் வளைத்துவிடுகின்றன. வட அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டம் ஆற்றைப்போல நெளிந்து ஓடுவது. நெளிவு முற்றி அறும்போது, வடக்கிலுள்ள குளிர்நீரை நடுவில் அடக்கிக்கொண்டு, இடஞ்சுழியாகச் சுழன்றபடி ஒரு சுழி தெற்கே வெதுவெதுப்பான சர்காசோ கடலுக்குள் புகுகிறது. அதன் குறுக்களவு 200 கிலோமீட்டரை எட்டும். ஓராண்டுக்கு மேலும் அது கலையாதிருப்பதுண்டு. அதன் நடுவே ஆழத்துக் குளிர்நீர் பல நூறு மீட்டர் மேலெழுவதால், ஒலியின் வாய்க்காலும் உடன் மேலெழுகிறது. சுழியைக் கடக்கும் ஒலி, வழக்கமாக மேலெழும்பிக் குவியும் இடத்தை விட்டு வேறிடத்தில் குவிகிறது. நேற்றுவரை தெளிவாகக் கேட்ட கப்பலின் ஓசை இன்று கேட்காமலும் போகலாம்.

கேட்பவருக்கு இடையூறான இதையே கடலியல் அறிஞர்களான வால்டர் மங்க், கார்ல் வுன்ஷ் இருவரும் 1979-இல் அளவுகோலாக்கினர். என்னை மிகவும் கவர்ந்த சிந்தனை இது. 300 கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு 200 நொடி ஆகும். வழியில் சராசரி வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒலி 0.2 நொடி பிந்தி வரும். 1981-இல் பெர்முடாவுக்குத் தென்மேற்கே, பக்கத்துக்கு 300 கிலோமீட்டர் கொண்ட கடற்பரப்பில் நான்கு ஒலிக்கருவிகளும் ஐந்து கேட்புக்கருவிகளும் நிறுத்தப்பட்டன. பல திசைகளில் குறுக்கும் நெடுக்குமாகச் சென்ற ஒலிகள் எவ்வளவு முந்தின, எவ்வளவு பிந்தின என்பதைக் கணக்கிட்டே, உள்ளே நகரும் சுழிகளை வரைபடமாக்கினார்கள்.

நமக்கு அருகிலும் தென்மேற்குப் பருவக்காற்றின்போது இலங்கைக்குக் கிழக்கே குளிர்நீரை மேலே தூக்கும் இடஞ்சுழி ஒன்று உருவாகிறது. இலங்கைக் குவிமாடம் எனப்படும் அதன்மேல் செல்லும் கப்பலின் ஓசையும், சுற்றியுள்ள கடலில் செல்லும் பாதையில் செல்வதில்லை.