மைனஸ் 15 பையில படுத்தும் ஏன் விடிய விடிய நடுங்குறீங்க?

[திரையில்: பனி மேல வரிசையா டென்ட், ராத்திரி]

ஸ்லீப்பிங் பேக் மேல மைனஸ் 15னு போட்டிருக்கு. வெளிய மைனஸ் 6தான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து, முழங்காலை நெஞ்சோட சேர்த்து கட்டிக்கிட்டு நடுங்குறீங்க. பை போலியா? பெரும்பாலும் இல்லை. நீங்க படிச்ச நம்பர்தான் தப்பு.

டிசம்பர் வந்தா நம்ம பசங்க நிறைய பேர் உத்தராகண்ட்ல கேதார்காண்டா ஏறப் போறாங்க. 12,500 அடி உச்சி. சாங்க்ரி கிராமத்துலேர்ந்து ஏறணும், ராத்திரி பனி மேலயே டென்ட். 1,000 மீட்டர் ஏறினா சுமார் ஆறரை டிகிரி குறையும். பின்னணி இவ்வளவு போதும், மேட்டருக்கு வருவோம்.

[திரையில்: பையோட லேபிள், மூணு நம்பர்]

ஐரோப்பியத் தரப்படி சோதிச்ச பையில மூணு நம்பர் இருக்கும். முதல்ல கம்ஃபர்ட். 25 வயசு, 60 கிலோ பெண் உடம்பைத் தளர்த்திப் படுத்து நிம்மதியா தூங்குற வெப்பநிலை இது. அடுத்தது லிமிட். 73 கிலோ ஆண் சுருண்டு படுத்து எட்டு மணி நேரம் சமாளிக்கிற அளவு. மூணாவது எக்ஸ்ட்ரீம். இதை மட்டும் கவனமா கேளுங்க: அந்தப் பெண் ஆறு மணி நேரம் குளிர்ல உயிர் போகாம தாக்குப்பிடிக்கிற எல்லை. தூக்கம் வராது, விரல் உறையலாம், உயிர் மட்டும் இருக்கும்! பை மேல கொட்டை எழுத்துல இருக்குறது பல நேரம் இந்த நம்பர்தான். என்னைக் கேட்டா இதை லேபிள்லயே போடக் கூடாது. நீங்க பாக்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டும்தான்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. நிஜ ஆளை இல்லை, மனுஷ உருவத்துல சூடாக்கின பொம்மையை நல்ல கனமான பாய் மேல படுக்க வெச்சுதான் இந்தச் சோதனையைப் பண்றாங்க. அப்போ உங்க பாய் மெலிசா இருந்தா, கம்ஃபர்ட் நம்பரும் உங்களுக்குப் பொருந்தாது.

ஏன்னா சூட்டைக் காப்பாத்துறது பஞ்சு இல்லை, பஞ்சுக்குள்ள நிக்கிற காத்து. உங்க முதுகுக்கு அடியில இருக்குற பஞ்சு, பல வருஷம் படுத்து அமுங்கின இலவம்பஞ்சுத் தலகாணி மாதிரி தட்டையாயிடும். அங்க காத்து இல்லை, காப்பும் இல்லை. தரை உங்க சூட்டை நேரா உறிஞ்சும். மேல நாலு கம்பளி போட்டாலும் இது மாறாது.

பாயோட காப்பை ஆர்-வேல்யூன்னு சொல்வாங்க. மடிக்கிற ஃபோம் பாய் சுமார் 2. பனி மேல படுக்க 5 வேணும். சந்தோஷமான விஷயம், ரெண்டு பாய் போட்டா நம்பரை அப்படியே கூட்டிக்கலாம். அடியில ஃபோம் 2, மேல உள்காப்பு வெச்ச காத்துப் பாய் மூணரை, மொத்தம் ஐந்தரை. ஃபோம் அடியில இருந்தா பஞ்சரும் ஆகாது. ஆனா வெறும் காத்து அடிச்ச மெத்தையை நம்பாதீங்க. உள்ள காத்து சுத்திச் சுத்தி உங்க சூட்டைத் தரைக்குக் கொண்டு போயிடும். பாய் பத்தலையா? காலி ரக்சாக்கைக் காலுக்கு அடியில போடுங்க. மிச்சக் கம்பளியைப் போத்தாம கீழ விரிங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா. பள்ளத்துல டென்ட் போடாதீங்க, குளிர்ந்த காத்து அங்கதான் இறங்கித் தேங்கும். ஊட்டியில உறைபனி பள்ளத்துப் புல்வெளியில படியறதைப் பாத்திருப்பீங்க, அதே காரணம்தான். நடந்து வேர்த்த உடுப்பைக் கழட்டிட்டு உலர்ந்தது போட்டுப் படுங்க. ரெண்டு சாக்ஸ் இறுக்கமா போட்டா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் சில்லிடும். பைக்குள்ள மூஞ்சியை விட்டு மூச்சு விடாதீங்க, பஞ்சு ஈரமாயிடும். சரக்கு வேண்டவே வேண்டாம். தோல் சூடாகுற மாதிரி இருக்கும், உள்சூடு வெளிய போயிட்டிருக்கும்.

[திரையில்: சாக்ஸுக்குள்ள பாட்டில்]

எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இதுதான். கெட்டியான ஒரு லிட்டர் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, மூடியை இறுக்கி, தலைகீழா பிடிச்சு ஒழுகுதான்னு பாருங்க. கம்பளி சாக்ஸுக்குள்ள போட்டு ரெண்டு தொடைக்கும் நடுவுல வெச்சுக்கங்க. பெரிய ரத்தக்குழாய் அங்க ஓடுறதால சூடு உடம்பெல்லாம் பரவும். காலையில அதையே குடிக்கலாம், உறைஞ்சிருக்காது. பிளாஸ்க் வேலைக்கு ஆகாது, சூட்டை உள்ளேயே வெச்சுக்கும். கடையில வாங்குற மெல்லிசு தண்ணி பாட்டில் வெந்நீர்ல சுருங்கிடும்.

டென்டுக்குள்ள கரி, அடுப்பு எதுவும் எரிக்காதீங்க, அணைஞ்ச மாதிரி தெரியுற கங்கும் சேர்த்துதான். அதுலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்துலயே ஆள் போயிடுவாங்க. தலைவலி, குமட்டல் வந்தா உடனே எல்லாரும் வெளிய வந்துடுங்க.

பக்கத்துல படுத்திருக்கிறவர் பேச்சு குழறுதா, ஜிப்பைக்கூட இழுக்க முடியாம தடுமாறுறாரா, அவர் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழ இறங்கியிருக்கலாம். நடுக்கம் நின்னா சரியாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க, மோசமாகுதுன்னு அர்த்தம். ஈரத்துணியைக் கழட்டி, அடியில ரெண்டு பாய் போட்டு, தலையோட சேர்த்துப் போத்துங்க. வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்தி அக்குள்ல, நெஞ்சுல வைங்க. தெளிவா முழுங்க முடிஞ்சா மட்டும் சர்க்கரை தூக்கலா டீ குடுங்க. கை காலைத் தேய்க்காதீங்க, நடக்க வைக்காதீங்க, இதயத் துடிப்பு தடுமாறிடும். கைடை எழுப்பி, தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்க்க ஏற்பாடு பண்ணுங்க.